40 நிமிடப் பீரியடுக்குள் ரோபோ ஓட வேண்டுமா? கிட்டைச் சீக்கிரம் பூட்ட ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்பு, 32 பிள்ளைகள், 8 கிட், நாலு பேருக்கு ஒன்று. ரோபோ வண்டி செய்யக் கற்றுக்கொடுக்க நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். மணி அடித்தபோது எட்டில் இரண்டு வண்டிதான் நகர்ந்திருந்தது. அதில் ஒன்று நின்ற இடத்திலேயே செக்கு மாடு மாதிரி சுற்றியது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் பீரியட் பாதிக்கு மேல் அக்ரிலிக் தகட்டில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, ரோபோ எப்போ பண்ணுவோம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த பீரியட் டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

பகலில் எனக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு அசெம்பிளி லைனில் வேலை. ஒரு ஸ்க்ரூவுக்கு எத்தனை நொடி என்று எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன், பிள்ளைகள் முன்னால் இப்படிச் சொதப்பினேனே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளிக்கும் போய்வந்து கிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். இப்போது அதே வண்டியைப் பிள்ளைகள் 12 முதல் 15 நிமிடத்தில் பூட்டிவிடுகிறார்கள். மீதி நேரம் ஓட்டுகிறார்கள், கெடுக்கிறார்கள், சரிசெய்கிறார்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது.

எல்லோரும் வாங்கும் சாதாரண கிட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: அக்ரிலிக் சேஸிஸ் (வண்டியின் உடல்), மஞ்சள் நிற பிஓ மோட்டார் (கியர் வைத்த குட்டி மோட்டார்) இரண்டு, சக்கரம் இரண்டு, ஒரு காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் தாங்குசக்கரம்), எல்298என் மோட்டார் டிரைவர் (கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் போர்டு), ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றும் போர்டு), எச்சி-05 புளூடூத் (போனிலிருந்து கட்டளை வாங்க). சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாமே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், சனிக்கிழமையே போய்விடுங்கள்.

படி 1: முதலில் கடிகாரம், பிறகு கத்தரிக்கோல்

எதையும் மாற்றும் முன் கிட்டை வாங்கியபடியே ஒரு புது ஆளிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். எங்கள் நோட்டில் முதல் முறை இருந்தது இது: காகிதம் உரிக்க 6 நிமிடம், மோட்டார் இரண்டையும் பிடிக்க 14, காஸ்டருக்கு 5, ஒயரிங் 17, புரோகிராம் ஏற்ற 9. மொத்தம் 51 நிமிடம். பீரியடே 40 நிமிடம். அதிலும் வருகைப் பதிவு, பெஞ்சை நகர்த்துவது, எங்களை அறிமுகப்படுத்துவது எல்லாம் போனால் கையில் நிற்பது 30.

நேரம் எங்கே போகிறது என்று நாம் நினைப்பதும் கடிகாரம் சொல்வதும் ஒன்றாக இருப்பதே இல்லை. புரோகிராமிங்தான் இழுக்கிறது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். நேரத்தைத் தின்றது ஒயரும் மோட்டாரின் 4 நட்டும்.

படி 2: எது பிள்ளையின் வேலை, எது நம் வேலை

1969-இல் டொயோட்டாவில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளரிடம் ஒரு பிரச்சினை வந்தது. 1000 டன் பிரஸ் ஒன்றில் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்ற நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. கடைசியில் அதை மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முறை எளிமையானது. மெஷின் நிற்கும்போது மட்டுமே செய்ய முடிகிற வேலை எது, மெஷின் ஓடும்போதே வெளியில் தயாராக வைத்துக்கொள்ளக்கூடிய வேலை எது என்று முதலில் பிரித்தார்கள். பிறகு முடிந்தவரை எல்லாவற்றையும் வெளியே தள்ளினார்கள். லைனில் இதை உள் வேலை, வெளி வேலை என்போம்.

நமக்கு மெஷின் என்பது அந்த 40 நிமிடம். ஆனால் தொழிற்சாலைக் கணக்கை அப்படியே வகுப்பறையில் போடக் கூடாது. எல்லாவற்றையும் முந்தின நாள் இரவே பூட்டி எடுத்துப் போனால் நேரம் பூஜ்யம்தான். பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் பூஜ்யம், அது பொம்மைக் கடை. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்யும்போது பிள்ளைக்கு ஏதாவது புரிகிறதா?

காகிதம் உரிப்பதில் எதுவும் புரியாது. வெளியே தள்ளுங்கள். மோட்டார் இரண்டையும் நீள ஸ்க்ரூ போட்டு இறுக்குவதிலும் பெரிதாக ஒன்றுமில்லை, விரலுக்கு வலிதான் மிச்சம். அதுவும் வெளியே. சக்கரத்தை மோட்டார் அச்சில் அழுத்தி மாட்டுவது? பத்து நொடி வேலை, ஆனால் தகடு வண்டியாகிற நொடி அதுதான். உள்ளேயே இருக்கட்டும். மோட்டாரை டிரைவரோடு இணைப்பது, டிரைவரை ஊனோவோடு இணைப்பது, பேட்டரி கொடுப்பது மூன்றும் கட்டாயம் பிள்ளையின் கையில் நடக்க வேண்டும். மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று அப்போதுதான் விரல் வழியாக மண்டையில் ஏறும்.

எங்கள் குழுவில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஸ்க்ரூ முடுக்கக் கற்பதும் கல்விதானே என்றாள் கூட வரும் தங்கச்சி. சரி என்று ஒரு வழி கண்டோம்: மேல்தட்டைப் பிடிக்கும் 4 ஸ்க்ரூவை மட்டும் பிள்ளைகளுக்கே விட்டோம். ஆளுக்கு ஒன்று. நாலு பேர் குழுவில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை.

படி 3: நட்டைச் சிறைவை

சாதாரண கிட்டில் மோட்டாருக்கு 4 நீள ஸ்க்ரூ, 4 நட்டு, காஸ்டருக்கு 8 குட்டி ஸ்க்ரூ. மோட்டாரும் காஸ்டரும் வெளி வேலை ஆகிவிட்டதால் அவை தீர்ந்தன. மேல்தட்டின் நான்கில் தொல்லை எங்கே? ஒரு கையால் நட்டைப் பிடித்து, இன்னொரு கையால் ஸ்க்ரூவைத் திருப்பி, மூன்றாவது கையால் தகட்டைத் தாங்க வேண்டும். பிள்ளைக்கு இருப்பது இரண்டு கை. நட்டு கீழே விழும், பெஞ்சுக்கு அடியில் உருளும், நாலு பேரும் குனிந்து தேடுவார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு நட்டு விழுந்தால் சராசரியாக ஒரு நிமிடம் காலி.

நட்டைப் பிள்ளை தொடவே தேவையில்லாதபடி செய்துவிடுங்கள். இதற்கு மூன்று வழி.

லேசர் கட்டிங் செய்து தர ஆள் இருந்தால் தகட்டைப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். எம்3 (3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான) நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 5.5 மி.மீ., தடிமன் 2.4 மி.மீ. அந்த அளவுக்கு அறுகோணக் குழி வெட்டினால் நட்டு அதற்குள் உட்கார்ந்து சுழலாது. ஸ்க்ரூ போகும் துளை 3 மி.மீ. வேண்டாம், 3.2 வையுங்கள். சரியாக 3 வைத்தால் ஒவ்வொன்றும் அடம்பிடிக்கும். குழியின் மூலைகளைக் கூர்மையாக விடாமல் சிறிது வளையுங்கள், அக்ரிலிக் விரிசல் விடுவது மூலையிலிருந்துதான். முதலில் ஒரே ஒரு தகடு வெட்டிப் பாருங்கள். லேசர் தின்னும் அகலம் மெஷினுக்கு மெஷின் மாறும், 3 மி.மீ. என்று விற்கும் சீட்டும் அச்சாக 3 இருக்காது.

வெட்ட வழியில்லை என்றால், நட்டுக்குப் பதில் பித்தளை ஸ்பேசரை (உள்ளே மரை உள்ள குட்டித் தூண்) கீழ்த்தட்டில் நிரந்தரமாக இறுக்கிவிடுங்கள். பிள்ளை மேலிருந்து ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். எங்களுக்கு இதுவே இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

மூன்றாவது, நைலான் புஷ் ரிவெட். கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும், டூலே வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கும் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் கொண்டுபோவேன். பல முறை கழற்றினால் தளர்ந்துவிடும், பாக்கெட்டில் உபரி இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. நட்டை ஒட்டிவைக்க ஃபெவிக்விக்கை எடுக்காதீர்கள். அதன் புகை அக்ரிலிக்கில் வெள்ளையாகப் பூத்துவிடும், பசை மரைக்குள் போனால் ஸ்க்ரூவே நுழையாது. க்ளூ கன் போதும். டபுள் டேப்பும் சென்னை வெயிலுக்கு ஆகாது. மே மாதம் காரில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் பேட்டரி டப்பா ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் கிடக்கும்.

படி 4: 16 ஒயரை 5 செருகலாக்குவது

நேரமும் உயிரும் போகிற இடம் இது. மோட்டாருக்கு 4 ஒயர், பேட்டரிக்கு 2, டிரைவரிலிருந்து ஊனோவுக்கு மின்சாரம் 2, கட்டளைக்கு 4, புளூடூத்துக்கு 4. ஆக 16 ஒயர், 32 முனை. 32 முனையில் ஒன்று தவறினாலும் வண்டி ஓடாது. ஓடாத வண்டியில் எது தவறு என்று தேடுவதற்குத்தான் பாதி பீரியட் போகிறது.

முதலில் ஊனோவையும் டிரைவரையும் ஒரே மேல்தட்டில் ஸ்பேசர் வைத்துப் பிடித்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையே 5 வோல்ட், கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் பொது வழி) ஒயர்களை நீங்களே போட்டுவிடுங்கள். கிரவுண்டை விட்டுவிட்டால் ஊனோ சொல்வது டிரைவருக்குப் புரியவே புரியாது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். இந்தத் தட்டைப் பிள்ளைகளிடம் 'மூளைத் தட்டு' என்று சொல்லுங்கள், பெயர் பிடித்துக்கொள்ளும்.

கட்டளைக்குப் போகும் 4 ஒயர்: ஜம்பர் ஒயர் பட்டையாகத்தான் வருகிறது, அதை ஒவ்வொன்றாகக் கிழிக்கிறவர்கள் நாம்தான். நாலு நாலாகக் கிழியுங்கள். முனையில் இருக்கும் தனித்தனி கருப்பு உறையைக் கழற்றி, நாலு பின் உறை ஒன்றில் வரிசையாகச் செருகுங்கள். ஒரே அழுத்தில் நாலும் உட்காரும். டிரைவரில் கட்டளை வாங்கும் பின்கள் ஐஎன்1 முதல் ஐஎன்4 வரை அடுத்தடுத்து இருப்பதால் அந்தப் பக்கம் கவலையில்லை. ஊனோ பக்கம் 8, 9, 10, 11 பின்களைத் தேர்ந்தெடுங்கள். 6, 7, 8, 9 என்று எடுத்தால் உட்காராது. ஊனோவில் 7-க்கும் 8-க்கும் நடுவே உள்ள இடைவெளி மற்ற இடங்களைவிட அதிகம், உறை அங்கே மல்லுக்கட்டும். 9, 10, 11 மூன்றிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் வசதி ஒரே அலைவெண்ணில் வருவதால் இரண்டு மோட்டாரும் ஒத்து ஓடும். ஒரு மோட்டாருக்கு ஒரு பிடபிள்யூஎம் பின் கிடைத்தால் போதும், இன்னொரு பின் வெறும் ஆன் ஆஃப். டிரைவரில் மோட்டார்களை இயங்க அனுமதிக்கும் இஎன்ஏ, இஎன்பி இரண்டின் குட்டி ஜம்பர் மூடியையும் கழற்றாமல் விட்டுவிடுங்கள்.

இந்த நாலு பின் உறையைத் தலைகீழாகவும் செருக முடியும். அதைத் தடுக்க நான் மெனக்கெடுவதில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். திருப்பிச் செருகினால் எதுவும் புகையாது. முன்னே போ என்றால் வண்டி பின்னே போகும், பின்னே போ என்றால் முன்னே வரும். ஆனால் இடம் வலம் திரும்புவது மட்டும் சரியாகவே இருக்கும்! ஏன் என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் ஒயரை வரைந்து வரைந்து கண்டுபிடிப்பார்கள். இப்படி ஒரு புதிரைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

பேட்டரி அப்படியில்லை. பிளஸ், மைனஸ் மாறினால் பணம் புகையாகப் போகும். அங்கே ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் ஜேஎஸ்டி எக்ஸ்எச் கனெக்டரைப் போடுங்கள். ஒரே வரியில் என் விதி: சுடும் தவறைக் கனெக்டரால் தடு, சுடாத தவறைப் பிள்ளைக்கு விடு.

மோட்டாருக்கும் அதே இரண்டு பின் கனெக்டர்தான், ஆனால் பேட்டரிக்குப் போடுவதைவிட வேறு அளவில் வாங்குங்கள். ஒன்றில் மற்றொன்று நுழையவே கூடாது. ஒயரை மோட்டாரில் சோல்டர் செய்யும்போது மூன்று விஷயம். மோட்டாரின் செம்பு முனை காகிதம் மாதிரி மெல்லியது, ஒயரை இழுத்தால் பிய்ந்துவரும். அதனால் ஒயரை மோட்டார் உடம்போடு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். இரண்டு முனைக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். மோட்டாரின் மின்சத்தத்தால் ஊனோ நடுவே ரீசெட் ஆவது பெரும்பாலும் நிற்கும். மூன்றாவது, இடது வலது மோட்டார்கள் கண்ணாடி பிம்பம் போல எதிரெதிராக நிற்பதால் ஒரே மாதிரி ஒயர் போட்டால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே ஓடும். எங்கள் முதல் நாள் செக்கு மாட்டின் ரகசியம் இதுதான். சேஸிஸில் பிடித்த பிறகு மோட்டார் முனைகளில் பேட்டரியைத் தொடவைத்துப் பாருங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது பிளஸ் எந்த முனையைத் தொடுகிறதோ அதற்குச் சிவப்பு ஒயர்.

புளூடூத்துக்கும் நாலு பின் உறைதான். அதில் தகவல் வாங்கும் ஆர்எக்ஸ் கால் 3.3 வோல்ட்டுக்கானது, ஊனோ தருவதோ 5. அதைக் குறைக்க 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை ஒயரிலேயே சோல்டர் செய்து ஸ்லீவ் போட்டு மறைத்துவிடுங்கள்.

இப்போது எண்ணுங்கள்: மோட்டார் 2, கட்டளை 1, புளூடூத் 1, பேட்டரி 1. ஐந்தே செருகல். நிறம் காட்ட ஸ்டிக்கர் பொட்டு வாங்குங்கள். சிவப்புப் பொட்டு சிவப்புப் பொட்டோடு, பச்சை பச்சையோடு. பத்து ரூபாய் விஷயம், பிரமாதமாக வேலை செய்கிறது. வியர்வைக் கை பட்டு உரிந்தால் மேலே ஒரு கோட் நெயில் பாலிஷ்.

படி 5: பேட்டரி

எல்298என் தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். சார்ஜ் செய்யக்கூடிய டபுள் ஏ செல் ஒன்று 1.2 வோல்ட். நாலு போட்டால் 4.8, மோட்டாருக்குப் போய்ச்சேருவது 3-க்கும் கீழே. வண்டி முனகும், நகராது. 6 செல் போட்டால் 7.2, மோட்டாருக்கு 5 வோல்ட் கிடைக்கும். பள்ளிக்கு நான் இதைத்தான் எடுத்துப் போகிறேன். 18650 லித்தியம் செல்லில் வேகம் நன்றாக இருக்கும். ஆனால் 9800 எம்ஏஎச் என்று அச்சடித்து மலிவாக வருவதை வாங்காதீர்கள், அந்த அளவு செல்லில் அவ்வளவு சக்தி அடங்கவே அடங்காது. பிள்ளைகள் கையில் லித்தியம் கொடுப்பதாக இருந்தால் டப்பா மூடி ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும். முந்தின நாள் இரவு சார்ஜ், காலையில் மல்டிமீட்டர். அவ்வளவுதான்.

படி 6: புரோகிராமை வீட்டிலேயே ஏற்று

பள்ளிக் கம்ப்யூட்டரை நம்பிப் போகாதீர்கள். ஊனோவுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய பாஸ்வேர்டு கேட்கும், பாஸ்வேர்டு தெரிந்த சார் லீவில் இருப்பார். எல்லா ஊனோவிலும் முந்தின இரவே ஏற்றிவிடுங்கள். புரோகிராமைக் காட்டவேண்டும் என்றால் ஒரு லேப்டாப்பில், ஒரு வண்டியில், கடைசிப் பத்து நிமிடம் காட்டலாம்.

எட்டு எச்சி-05-ம் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஒரே பெயரில்தான் வரும். ஒரு மேசையில் அழுத்தினால் இன்னொரு மேசை வண்டி ஓடும் கூத்து நடக்கும். வேடிக்கைதான், ஆனால் ஐந்து நிமிடம் போய்விடும். ஏடி கட்டளை (எச்சி-05-இன் அமைப்பை மாற்றும் கட்டளை) கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ரோபோ 1, ரோபோ 2 என்று பெயர் வையுங்கள். அதே எண்ணை வண்டி முதுகிலும் போன் முதுகிலும் ஒட்டி, ஜோடியை முன்பே சேர்த்துவிடுங்கள். ஐபோனோடு எச்சி-05 சேராது, பழைய ஆண்ட்ராய்டு போன்களைச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கிச் சேருங்கள்.

படி 7: முட்டை அட்டை

எங்கள் கண்டுபிடிப்புகளில் எனக்கு ரொம்பப் பெருமை தருவது இதுதான். 30 முட்டை வைக்கும் அட்டையை மூன்றாக வெட்டினால் பத்துக் குழி. ஒரு கிட்டின் குட்டிச் சாமான் எல்லாம் குழிக்கு ஒன்றாக, எடுக்கவேண்டிய வரிசையில். முதல் குழியில் மேல்தட்டின் ஸ்க்ரூ, கடைசிக் குழியில் பேட்டரி கனெக்டர் மூடி. குழி மேல் 1, 2, 3 என்று மார்க்கரில் எழுதியாயிற்று. பிள்ளை 'அடுத்து எது?' என்று நம்மைக் கேட்கவே வேண்டியதில்லை.

கூடவே ஒரு பக்கப் படத்தாள். ஒரு படத்தில் ஒரே ஓர் அசைவு. எல்லாப் படத்திலும் வண்டியின் மூக்கு ஒரே பக்கம் பார்க்க வேண்டும், படம் எடுப்பவர் பிள்ளை உட்காரும் பக்கம் நின்று எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று எடுத்த எங்கள் முதல் தாளில் இடது வலதாகி, பாதி வகுப்பு மோட்டாரை மாற்றிச் செருகியது.

படி 8: வாயை மூடிக்கொண்டு ஒரு ஒத்திகை

மாடி வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டோம். நாங்கள் பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது என்று ஒப்பந்தம். அவள் சக்கரத்தை மாட்ட, வண்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓங்கி அழுத்தினாள். 'கடக்' என்றது. கியர்பாக்ஸ் காலி. "உடைச்சிட்டேனா அண்ணா?" என்று முகம் சுண்டிப்போனது. உடைத்தது அவள் இல்லை, நாங்கள்தான். பிஓ மோட்டாரின் அச்சு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்க அச்சுக்கு முட்டு வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் முழுக்க உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்லில் இறங்கும். தீப்பெட்டி அளவு மரத்துண்டு ஒன்றை மறுபக்க அச்சுக்கு முட்டுக்கொடுக்கும்படி வெட்டி ஒவ்வொரு கிட்டிலும் போட்டோம். அதன் பிறகு ஒரு மோட்டார் கூட உடையவில்லை.

ஒத்திகையில் தயங்கும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள். கை நின்ற இடம்தான் அடுத்து மாற்றவேண்டிய இடம்.

தரையில் ஒட்டிய கருப்புக் கோட்டைப் பின்பற்றும் வண்டி காட்டுவதாக இருந்தால் ஒத்திகையைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். கோட்டைப் பார்க்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சாருக்கு வெயில் ஆகாது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்புறத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அருமையான பாதை, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் வராந்தாவில் விரித்தால் வண்டி குருடாகிவிடும். வகுப்பின் உள்பக்கச் சுவர் ஓரம் விரியுங்கள்.

படி 9: கழற்றுவதும் பிள்ளைகளே

அடுத்த பீரியடில் ஒன்பது 'பி' காத்திருக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் படத்தாளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள். முதலில் பேட்டரி, இதை மட்டும் நீங்கள் போய்ப் பாருங்கள். கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் உறையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கழற்றுவதில் எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி தேவையில்லை.

உதிரிப் பையில் நான் வைத்திருப்பது: சக்கரம் 2, சோல்டர் செய்த மோட்டார் 2, முழுதாகப் பூட்டிய மூளைத் தட்டு 1, சார்ஜ் ஏறிய பேட்டரி டப்பா 2, ஸ்க்ரூ ஒரு கைப்பிடி. வகுப்பில் எதையும் ரிப்பேர் செய்வதில்லை, மாற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கெட்டதைத் தனி கவரில் போட்டு வீட்டுக்கு. சோல்டரிங் அயர்ன் பையில் உண்டு, வெளியே எடுப்பதில்லை.

பெட்டி மூடும் முன் முட்டை அட்டையை மேலிருந்து ஒரு பார்வை. குழி காலியாக இருந்தால் அந்த மேசைக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. பெரும்பாலும் பெஞ்சுக்கு அடியில் கிடக்கும், இல்லையென்றால் முதல் வரிசைச் சட்டைப்பையில்.